நம்ம தெருவுக்கு வரலாறு எழுதுவது எப்படி

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரையில் ஏதாவது ஒரு பழைய தெருவில் நீங்கள் பிறந்து வளர்ந்திருந்தால், அந்தத் தெருவின் வரலாற்றை எழுத வேண்டிய ஆள் நீங்கள்தான். வெளியிலிருந்து யாரும் வந்து எழுதப் போவதில்லை. சேதுபதிகளைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, வள்ளல் சீதக்காதியைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, பாம்பன் பாலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் உங்கள் எதிர்வீடு எப்போது கட்டியது, அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, கொழும்பில் கடை வைத்திருந்தவர் எந்த வருஷம் கடையைக் கொடுத்துவிட்டு வந்து அந்த மாடியை எடுத்தார் என்பதெல்லாம் தெருவில் ஐந்தாறு பேர் நினைவில் மட்டும்தான் இருக்கும், அவர்களுக்கெல்லாம் எழுபது எண்பது வயசாகியிருக்கும். தள்ளிப்போட நேரமில்லை.

நான் கீழக்கரைக்காரன். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். வழிமுறை எல்லா ஊருக்கும் பொருந்தும்.

முதலில் வெளிநாட்டுத் தெரு ஒன்றைப் பார்த்துவிடலாம்

தெரு வரலாறு என்றால் அதில் எதெல்லாம் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்கிற உதாரணம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. சூரிச் நகரத்தின் பழைய ஊர்ப் பகுதியில், லிம்மாத் ஆற்றின் கிழக்குக் கரையில், ஸ்பீகல்காஸே என்று மேடேறிப் போகிற ஒரு சந்து. சின்னச் சந்துதான். ஆனால் அதன் 1-ம் எண் வீட்டில் 1916 பிப்ரவரி 5 அன்று ஹூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் கபரே வால்டேர் என்ற அரங்கைத் தொடங்கினார்கள், டாடா என்ற கலை இயக்கம் பிறந்தது அங்கேதான். அதற்கு இரண்டே வாரம் கழித்து, பிப்ரவரி 21 அன்று, அதே சந்தில் 14-ம் எண் வீட்டுக்கு லெனினும் அவர் மனைவி குரூப்ஸ்காயாவும் குடிவந்தார்கள். 1917 ஏப்ரல் 2 வரை லெனின் அங்கே இருந்தார் என்று வீட்டுச் சுவரில் பலகை சொல்கிறது. அங்கிருந்து கிளம்பிப் போய்த்தான் ரஷ்யப் புரட்சியை நடத்தினார். அதை ஒட்டிய 12-ம் எண் வீட்டில் 1837 பிப்ரவரி 19 அன்று கெயார்க் ப்யூக்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார், அப்போது அவருக்கு வயசு 23 தான். சந்தின் அந்தப் பகுதிக்கு அன்றைக்கு ஸ்டைன்காஸே என்று வேறு பெயர். 11-ம் எண் வீட்டில் 1741ல் லாவாட்டர் என்ற பாதிரியார் பிறந்தார், எழுத்தாளர் கதே அவரைத் தேடி சூரிச்சுக்கு வந்திருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டதும் 'அந்த ஊரில் பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள், நம்ம தெருவில் யார் இருந்தா' என்று தோன்றும். அங்கேதான் கவனிக்க வேண்டும். பலகையில் லெனின் பெயர் இருக்கிறது. அவருக்கு அறையை வாடகைக்கு விட்டவர் டிட்டுஸ் கம்மரர் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி. அந்தக் குடித்தனத்தில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று குரூப்ஸ்காயா பின்னால் எழுதி வைத்திருக்கிறார்: ரொட்டி சுடும் வேலை பார்த்து ஜெர்மன் ராணுவத்துக்குப் போனவரின் மனைவியும் பிள்ளைகளும் ஒரு அறையில், ஒரு இத்தாலிக்காரர் ஒரு அறையில், ஆஸ்திரிய நாடக நடிகர்கள் தங்கள் பூனையோடு இன்னொரு அறையில். முற்றத்துப் பக்கம் இறைச்சிச் சாசேஜ் செய்யும் பட்டறை இருந்ததால் நாற்றம் தாங்காமல் பகலெல்லாம் ஜன்னலைத் திறக்க முடியாது, ராத்திரி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கபரே நடந்த இடமும் ஹாலந்திலிருந்து வந்த, கப்பல் வேலை பார்த்த யான் எஃப்ராயிம் என்பவரின் சாராயக்கடைதான்.

எனக்கு அந்தச் சந்து கண்ணுக்குத் தெரிவது பலகையால் இல்லை. அந்தப் பூனையாலும் நாற்றத்தாலும் செருப்புத் தைப்பவர் பெயராலும்தான். அந்த மாதிரி விஷயங்கள் உங்கள் தெருவிலும் நிச்சயம் உண்டு. யார் வீட்டுக்காரர், யார் குடியிருந்தவர், என்ன தொழில், என்ன வாடை. சங்கு எடுத்து வந்து குவித்து அழுகவிட்ட காலத்து வாடையையும் கருவாடு காய்ந்த வாடையையும் எந்த வீட்டுக் கொல்லையோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள், பெரியவர்கள் கை நீட்டிக் காட்டுவார்கள்.

தெருவைச் சின்னதாக எடுங்கள்

ஊர் வரலாறு எழுத உட்கார்ந்தால் முடியாது. ஒரு தெரு, அதிலும் இந்த முக்கிலிருந்து அந்த முக்கு வரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது வீடு போதும், தாராளம். ஒரு நோட்டில் இரண்டு பக்கமும் வீடுகளைக் கட்டம் கட்டமாக வரையுங்கள், வரிசை எண் போடுங்கள். நகராட்சி போட்ட கதவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும், 'பழைய எண்', 'புது எண்' என்று இரண்டு மூன்று இருக்கும். எல்லாவற்றையும் ஓரத்தில் குறித்துவிட்டு உங்கள் வரிசை எண்ணையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். கிணறு, பொதுக்குழாய், திண்ணை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே போகிற முடுக்கு, அடைத்துப்போட்ட வாசல், எல்லாவற்றையும் வரையுங்கள். அடைத்த வாசல் ரொம்ப முக்கியம், ஒரு வீடு இரண்டானதும் இரண்டு வீடு ஒன்றானதும் அதில்தான் தெரியும்.

சூரிச் பழைய ஊரில் வீட்டுக்கு எண் வருவதற்கு ரொம்ப முன்பே பெயர் இருந்தது, 11-ம் எண் வீட்டுக்கு வால்ட்ரீஸ் என்று பெயர். நம்ம ஊரிலும் அப்படித்தானே, யாரும் கதவு எண் சொல்வதில்லை, 'கல்வீடு', 'மெத்தை வீடு', 'பர்மாக்காரர் வீடு' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயரைக் கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். ஒரே வீட்டுக்கு வயசானவர்கள் ஒரு பெயரும் இளவட்டங்கள் வேறு பெயரும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், இடையில் அந்த வீடு கைமாறியிருக்கும்.

அதேபோல மேலத்தெரு, கிழக்குத்தெரு, நடுத்தெரு என்று திசையை வைத்துப் பெயர் இருந்தால் எந்த இடத்துக்கு மேற்கு, எந்த இடத்துக்குக் கிழக்கு என்று பாருங்கள். பள்ளிவாசலா, கோயிலா, பழைய பண்டகசாலையா. ஊர் முதலில் எங்கிருந்து வளர்ந்தது என்பதற்கு அது ஒரு துப்பு.

சுவரைப் பாருங்கள்

நம்ம கடற்கரையில் பழைய வீடுகள் கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை. பூச்சு உதிர்ந்த இடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாக, தேன்கூடு மாதிரி நெருக்கமாகத் துளைகள் தெரியும், விரலை வைத்தால் சொரசொரவென்று இருக்கும், சில கல்லில் சிப்பி அப்படியே பதிந்திருக்கும். மன்னார் வளைகுடா 1986ல் கடல் தேசியப் பூங்காவானது, பவளப்பாறை எடுப்பது இன்றைக்குச் சட்டப்படி பெரிய குற்றம். ஆகவே அந்தச் சுவர் இடிந்தால் அதே மாதிரி திரும்பக் கட்ட வழியே கிடையாது. படம் எடுங்கள், பெயர்த்து எடுக்காதீர்கள்.

ஒரே வீட்டில் அடியில் பவளக்கல், மேலே செங்கல், அதற்கு மேலே சிமெண்ட் என்று மூன்று காலம் அடுக்காக நிற்கும். ஊரில் வயசான கொத்தனார் ஒருவரைப் பிடித்துத் தெருவில் ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள். 'இது எங்க அப்பா வேலை', 'இந்தக் காரை கடுக்காய் போட்டு அரைச்சது' என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். எழுதிக்கொண்டே போங்கள், நடுவில் பேசாதீர்கள்.

ஓட்டு வீடு இருந்தால் உதிர்ந்து கிடக்கிற ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் தொழிற்சாலைப் பெயர் அச்சாகியிருக்கும். இதில் சுவிட்சர்லாந்துக்கும் நமக்கும் நேராகவே ஒரு சம்பந்தம் இருக்கிறது. மங்களூர் ஓடு என்று நாம் சொல்வதை 1865ல் மங்களூரில் தொழிற்சாலை போட்டுச் செய்ய ஆரம்பித்தது பாசல் மிஷன், பாசல் என்பது சுவிட்சர்லாந்தின் ஒரு பழைய நகரம். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்குப் போயின. ஆக, பாசல் மிஷன் பெயர் போட்ட ஓடு பெரும்பாலும் அதற்கு முந்தியது, காமன்வெல்த் பெயர் போட்டது அதற்குப் பிந்தியது. ஆனால் ஓட்டில் 1865 என்றோ 1868 என்றோ வருஷம் அச்சாகியிருந்தால் உடனே வீட்டுக்கு அந்த வயசைப் போட்டுவிடாதீர்கள், அது தொழிற்சாலை தொடங்கிய வருஷம். அப்புறம், பழைய ஓட்டை விலைக்கு வாங்கிப் போடுவதும் நம்ம பக்கம் வழக்கம், ஓடு வீட்டைவிட மூத்ததாக இருக்கலாம்.

வருஷத்தைச் சரியாக வாசிக்கிற விதம்

கீழக்கரையில் நிலைக்கதவுக்கு மேலே, உத்திரத்தில், மீஸான் கல்லில் (அடக்கம் செய்த இடத்தில் நடுகிற கல்) எல்லாம் ஹிஜ்ரி வருஷம், அதாவது முஸ்லிம்களின் ஆண்டுக் கணக்கு, அரபு எண்ணில் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அரபு எண்ணில் ஐந்து என்பது சின்ன வட்டம், நமக்குப் பார்த்தால் சுழியம் மாதிரி இருக்கும். சுழியம் என்பது வெறும் புள்ளி. 1305 என்று செதுக்கியிருந்தால் ஒன்று, மூன்று, ஒரு புள்ளி, ஒரு வட்டம் என்று நிற்கும், அந்தப் புள்ளியை மரத்தில் விழுந்த பொத்தல் என்று விட்டுவிட்டு வட்டத்தைச் சுழியமாக எடுத்தால் 130 என்று ஆகிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தால் செதுக்கிய புள்ளியும் பூச்சி அரித்த பொத்தலும் தனித்தனியாகத் தெரியும்.

ஹிஜ்ரி வருஷம் நம்ம வருஷத்தைவிட 11 நாள் போலக் குறைவு, அதனால் வெறுமனே 622 கூட்டினால் தப்பாக வரும். ஹிஜ்ரியை 33ஆல் வகுத்து, வந்ததை அதிலிருந்து கழித்து, அப்புறம் 622 கூட்டுங்கள். 1320 என்றால் 33ஆல் வகுக்க 40, கழித்தால் 1280, கூட்டினால் 1902. ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம், எழுதும்போது 'சுமார்' போட்டுக்கொள்ளுங்கள்.

சக வருஷம் இருந்தால் 78 கூட்ட வேண்டும். பிரபவ, விபவ என்று அறுபது வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிற பெயர் என்பதை மறந்துவிடக் கூடாது. தனுஷ்கோடியை அழித்த புயல் அடித்த 1964 டிசம்பர், குரோதி வருஷத்து மார்கழி. அதே குரோதி 1904லும் வந்தது, 2024லும் வந்தது. எந்தக் குரோதி என்பதை வேறு ஏதாவது ஒன்றை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். பழைய கணக்கிலும் பத்திரத்திலும் தமிழ் எண் வரும். ௲௮௱௯௰௨ என்றிருந்தால் 1892. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, இந்த மூன்றும் தெரிந்தால் மீதியைப் பழகிக்கொள்ளலாம்.

பத்திரம்தான் பொக்கிஷம்

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். உங்கள் சொந்த வீட்டுத் தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். அதில் விலையைவிட, பெயரைவிட, நமக்கு வேண்டியது நான்கு மால், அதாவது நாலு பக்கத்து எல்லை. 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, கீழ்மேலாகச் செல்லும் தெருவுக்கு வடக்கு, இன்னார் மனைவி இன்னாருடைய கொல்லைக்குத் தெற்கு, பொதுமுடுக்குக்கு மேற்கு' என்று எழுதியிருப்பார்கள் பாருங்கள், அந்த ஒரு வரியில் பத்திரம் எழுதிய வருஷத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பது வந்துவிட்டது. இப்போது பக்கத்து வீட்டுப் பத்திரத்தையும் பார்க்கக் கிடைத்தால் அவர் வீட்டு நான்கு மாலில் உங்கள் முன்னோர் பெயர் இருக்கும், அந்தப் பக்கத்து வீட்டுக்கு அப்பால் இருந்தவர் பெயரும் இருக்கும். இப்படி வீடு வீடாகக் கோத்துக்கொண்டே போனால் 1930களில் இந்தத் தெரு எப்படி இருந்தது என்று ஒரு படமே வரைந்துவிடலாம். 'பாழ்மனை', 'ஓலைக் கொட்டகை', 'சங்குக் கிட்டங்கி' என்று நான்கு மாலில் ஒரு சொல் வந்தால் அதை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு அந்த இடத்தில் மூன்று மாடி நிற்கும்.

பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம், ஆனால் அது பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும், பணம் கட்ட வேண்டும், பொறுமையும் வேண்டும். பத்திரத்தில் மதுரை ஜில்லா என்று போட்டிருந்தால் திகைக்காதீர்கள், ராமநாதபுரம் தனி ஜில்லா ஆனது 1910ல்தான், அதற்கு முன் நாம் மதுரை ஜில்லாவில் இருந்தோம். இன்னொன்று, நம்ம பகுதி ஜமீனாக இருந்தது, 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் நிலம் நேராக அரசுக் கணக்குக்கு வந்தது. ஆகவே தஞ்சாவூர்ப் பக்கம் கிடைப்பது போல 19-ம் நூற்றாண்டு அரசு நில அளவைக் கணக்கை இங்கே எல்லா ஊருக்கும் எதிர்பார்க்க வேண்டாம். தனியார் கையில் இருக்கும் பத்திரத்துக்கு இங்கே மதிப்பு அதிகமாவது அதனால்தான்.

கீழக்கரையில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: வீடு பெண் வழியாகப் போகிறது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று ஆண் வழியாக வம்சம் போட்டுக்கொண்டு போனால் மூன்றாவது தலைமுறையில் வேறு தெருவில் போய் நிற்பீர்கள். ஒரு வீட்டின் கதை வேண்டுமென்றால் உம்மா, உம்மாவின் உம்மா என்றுதான் போக வேண்டும். அப்படிப் பார்க்கும்போது நூறு வருஷமாக அந்தத் தெரு யார் பெயரில் இருந்தது என்றால் பெண்கள் பெயரில் இருந்தது. கப்பலில் போனவர், கொழும்பில் கடை வைத்தவர், பர்மா போனவர் என்று ஆண்கள் எல்லாம் வருஷக்கணக்காக வெளியூரில், தெருவில் இருந்து வீட்டைக் கட்டிக் காத்தது முழுக்கப் பெண்கள். நீங்கள் எழுதுகிற வரலாற்றில் கடைக்காரர் பெயர் பெரிதாகவும் வீட்டுக்காரியின் பெயர் இல்லாமலும் இருந்தால் அது அந்தத் தெருவின் வரலாறே இல்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஹிபாவாக, அதாவது வாய்வார்த்தையாகத் தானம் கொடுத்து, அனுபவத்தையும் ஒப்படைத்துவிட்டால் பதிவு செய்யாமலேயே அது செல்லும். வில்லங்கச் சான்றில் அறுபது வருஷத்துக்கு ஒன்றுமே இருக்காது, ஆனால் வீடு உம்மாவிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் போயிருக்கும். சான்றில் காலியாக இருக்கிறதே என்று ஒரே ஆள் பெயரை அறுபது வருஷத்துக்கு நீட்டிவிடாதீர்கள், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் கல்யாண வருஷத்தைப் பாருங்கள், வீடு கைமாறியது பெரும்பாலும் அந்தக் கல்யாணத்தை ஒட்டித்தான். மீனவர் ஊர்களில் தேவாலயம் இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இதே வேலையைச் செய்யும்.

பத்திரத்தைக் காட்டச் சொன்னால் யாருக்கும் பயம் வரும், பாகப்பிரிவினை வழக்கு நடக்கிற வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். முதலிலேயே எதற்கு என்று சொல்லிவிடுங்கள். படம் எடுக்காதீர்கள், அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து நான்கு மால் வரியை மட்டும் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். சர்வே எண்ணும் விலையும் உங்கள் புத்தகத்துக்கு வேண்டாம். வழக்கு இருக்கிற வீட்டைப் பற்றி யாருக்குச் சொந்தம் என்ற தொனியில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

'அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்டால் 'அதெல்லாம் நல்ல காலம் தம்பி' என்பதோடு முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள். 'மாமி, உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த மாடி இருந்துச்சா?' என்று கேட்டால் 'என் கல்யாணத்துக்குத்தான் இந்த மாடியே எடுத்தாங்க, பந்தல் போட்டது அந்த எதிர்த்த பாழ்மனையில' என்று ஒரே மூச்சில் இரண்டு வீட்டின் கதை வந்துவிடும். 'காக்கா, தண்ணி எந்தக் கிணத்துல எடுத்தீங்க, யார் யார் வந்து எடுப்பாங்க' என்று கேளுங்கள், தெருவில் யாருக்கு எந்தக் கிணற்றில் இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதும் அதில் வெளிவரும், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

வருஷம் கேட்டால் சரியாக வராது. பெரிய சம்பவத்தோடு ஒட்டிக் கேட்க வேண்டும். யுத்தத்தில் பர்மாவிலிருந்து ஜனம் திரும்பி வந்தது 1942ஐ ஒட்டி. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். நம்ம கரையில் ஏறிய புயல் 1978 நவம்பர். கொழும்புக் கலவரம் 1983 ஜூலை. ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது 1985. சுனாமி 2004. 'புயலுக்கு முன்னாடியா பின்னாடியா' என்றால் உடனே சொல்வார்கள், ஆனால் எந்தப் புயல் என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள், கீழக்கரையில் ஒருவர் புயல் என்பது 64, இன்னொருவர் புயல் என்பது 78.

இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்காரவைத்து உங்கள் தெருப்படத்தை நடுவில் விரித்து வையுங்கள். ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்க, அந்த வாக்குவாதத்தில்தான் நிஜம் வரும். தனுஷ்கோடி மாதிரி தெருவே இல்லாமல் போன இடத்துக்கு இதைத் தவிர வழியில்லை. அங்கிருந்து தப்பி வந்து ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் குடியேறிய குடும்பங்களில் பெரியவர்கள் இருந்தால் ஸ்டேஷன், தேவாலயம் என்று இன்றைக்கும் இடிபாடாக நிற்பவற்றை முதலில் தாளில் குறித்துக் கொடுத்து, 'இதுக்கு அடுத்து என்ன' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்புங்கள்.

குரலைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், வீட்டுக்கு வந்த அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

பெரிய பெயரில் மயங்க வேண்டாம்

கீழக்கரையில் எந்தப் பழைய கல்லைக் காட்டினாலும் 'சீதக்காதி காலத்தது' என்பார்கள். வள்ளல் 17-ம் நூற்றாண்டுக்காரர், கிழவன் சேதுபதிக்கு வேண்டியவர், உமறுப் புலவரை ஆதரித்தவர். அந்தப் பெருமை ஊருக்கே உரியது. அதற்காக உங்கள் தெருவில் ஒரு வீட்டை ஆதாரம் இல்லாமல் அவர் கணக்கில் எழுதினால் அந்த வீட்டை நிஜமாகவே கட்டிய மனிதரைத் துடைத்துப் போட்டதாகிவிடும். 'தெருவில் இப்படிச் சொல்கிறார்கள்' என்று எழுதுங்கள், அதுவும் வரலாறுதான், ஆனால் அதற்குக் கீழே பத்திரத்திலும் சுவரிலும் என்ன கிடைத்தது என்பதையும் எழுதுங்கள்.

எழுதும்போது

ராஜா காலத்திலிருந்து வரிசையாக வர வேண்டும் என்று நினைக்காதீர்கள், பாதியில் நின்றுவிடும். வீடு வீடாக எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு எப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி:

வடக்கு வரிசை, 4-ம் வீடு. தெருவில் சொல்வது: கல்வீடு. கீழ்த்தளம் பவளக்கல், மாடி செங்கல். நிலையில் ஹிஜ்ரி 1320, சுமார் 1902 (பார்த்தது). 1938 பத்திரத்தில் இதன் கிழக்கு மால் பாழ்மனை (5-ம் வீடு வருவதற்கு முந்தியது). மாடி எடுத்தது மூத்த மகள் கல்யாணத்துக்கு, 64 புயலுக்கு முந்திய வருஷம் (வீட்டுப் பெண்கள் இருவர் சொன்னது). திண்ணையில் கொஞ்ச நாள் தையல் மெஷின் போட்டு ஒருவர் வாடகைக்கு இருந்தார், ஊர் தொண்டிப் பக்கம், பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது பார்த்ததா, பத்திரத்தில் படித்ததா, கேட்டதா என்று போட்டுவிடுங்கள். இது இல்லாமல் எழுதினால் பத்து வருஷம் கழித்து உங்களுக்கே எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தையல்காரர் மாதிரி வாடகைக்கு இருந்தவர்களை விடாதீர்கள், பத்திரத்தில் அவர்கள் பெயர் வரவே வராது, சூரிச்சில் அந்த இத்தாலிக்காரர் இன்றைக்கும் குரூப்ஸ்காயா எழுதிய அந்த ஒரு வரியில் மட்டும்தான் இருக்கிறார். தெருவில் வேலை செய்ய வந்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், சங்குக் குளிக்கப் போனவர்கள், அவர்களுக்கும் வரி ஒதுக்குங்கள்.

குடும்ப ஆல்பங்களில் ஆளைவிட ஆளுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரிகிற ஓலைக் கூரைதான் இப்போது மருந்துக்கடை இருக்கிற இடம் என்று யாராவது அடையாளம் சொல்வார்கள். அந்த வீட்டிலேயே மொபைலில் படமெடுத்துக்கொண்டு ஆல்பத்தை அங்கேயே வைத்துவிடுங்கள், வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பெண்கள் இருக்கிற படத்தை அச்சில் போடுவதற்கு முன் அவர்களிடமோ வீட்டாரிடமோ தனியாகக் கேளுங்கள், ஆளை வெட்டிவிட்டு வீட்டை மட்டும் போடலாம் என்றால் அப்படியே செய்யுங்கள்.

அரபுத்தமிழில் எழுதிய கடிதமோ கணக்கோ கிடைத்தால் ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், எழுத்து அரபு என்றாலும் காதில் விழுவது தமிழ்தான், நீங்களே எழுதிக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து வீட்டுக்குப் போட்ட கடிதங்களில் 'கொல்லைச் சுவரை உயர்த்தச் சொல்லு', 'கொத்தனுக்கு இவ்வளவு கொடு' என்று வீடு கட்டிய கணக்கே இருக்கும்.

முடிந்ததும் பெரிய புத்தகமாகப் போட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, வலது ஓரத்தில் மூன்று விரல் அகலம் இடம் விட்டு, ஜெராக்ஸ் எடுத்துத் தகவல் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பள்ளிக்கூட நூலகத்துக்கும் ஜமாஅத்துக்கும் ஒன்று. 'தப்பு இருந்தால் ஓரத்தில் பேனாவில் எழுதி வையுங்க, ரெண்டு மாசத்தில் வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு, சொன்ன மாதிரியே போய் வாங்குங்கள். வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிற பிள்ளைகள் லீவுக்கு வருகிற நேரம் பார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, அவர்கள் கையில் வேறு பெட்டியும் வேறு ஆல்பமும் இருக்கும்.